மடக்கினால் எங்கே நிற்கிறது? மூட்டுகளை வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

காசிமேட்டில் ஏலம் முடிந்து மீன் கூடையைத் தலைக்கு ஏற்றும் அந்த இரண்டு விநாடியில், உடம்பின் பெரிய மூட்டுகள் அத்தனையும் வேலை செய்துவிடுகின்றன. குந்தியிருந்த முட்டியும் இடுப்பும் நிமிர்கின்றன. தோள் தலைக்கு மேல் போகிறது. முழங்கை பாதி மடங்கி நிற்க, மணிக்கட்டு பின்னால் வளைந்து கூடையின் விளிம்பைத் தாங்குகிறது. இதில் ஏதாவது ஒன்று இருபது டிகிரி குறைந்தாலும் கூடை ஏறிவிடும். குறைந்த பங்கை வேறொரு மூட்டு தன் தலையில் போட்டுக்கொள்ளும். தோள் ஏறாதவர் நடுமுதுகைப் பின்னால் வளைப்பார். ஆறு மாதம் கழித்து "முதுகு புடிச்சிக்கினுச்சு" என்று வந்து நிற்பார். தோளைப் பற்றிப் பேச்சே இருக்காது.

மூட்டில் எந்தத் தொல்லை வந்தாலும் "தேஞ்சி போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் பழக்கம். அதைவிட மூன்று கேள்விகள் உதவும். எந்தப் பக்கம் போகவில்லை? எவ்வளவு போகவில்லை? போகவிடாமல் நிறுத்துவது எது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். எலும்பு நிறுத்தினால் ஒரு வைத்தியம், ஜவ்வு இறுகி நிறுத்தினால் வேறு வைத்தியம், தசை நிறுத்தினால் இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே தைலத்தைத் தடவினால் ஒன்றுக்குக்கூடக் கேட்காது.

உள்ளே இருப்பது

அசையும் மூட்டு எதுவானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு எலும்பு முனைகள், முனைகளின் மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு, சுற்றிலும் ஒரு பை, பையின் உட்தோலில் ஊறும் திரவம், பைக்கு வெளியே கட்டுக்கயிறு போல ஜவ்வு, அதற்கும் வெளியே தசையும் தசைநாரும். திரவம் குடம் குடமாக இருப்பதாக நினைக்க வேண்டாம். உடம்பிலேயே பெரிய மூட்டான முட்டியில்கூட சாதாரணமாக 3, 4 மில்லிதான், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பாக இருக்கும். முட்டி வீங்கினால் அதுவே 50, 100 மில்லி வரை ஏறலாம்.

குருத்தெலும்பு பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம். முட்டிச் சில்லின் பின்புறம் இன்னும் தடிப்பு. அதற்குள் ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது அது வலிக்காது. வலி தெரிகிறதென்றால் கீழே உள்ள எலும்போ சுற்றியுள்ள பையோ பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ரத்தக்குழாய் இல்லாததால் அதற்குச் சாப்பாடு அந்தத் திரவத்திலிருந்துதான். எடை ஏறும்போது நசுங்கிக் கழிவை வெளியே தள்ளும், எடை இறங்கும்போது உப்பித் திரவத்தை உறிஞ்சும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்து விடுவது மாதிரி. நடமாட்டம் நின்றால் இந்தப் பிழிதலும் நிற்கும். "மூட்டு வலி, அதனால நடக்கறதே இல்ல" என்பவரின் மூட்டு மேலும் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

எல்லா மூட்டும் அசைவதற்காக உண்டானவை அல்ல. மண்டையோட்டின் தையல்கள், தாடையில் பல் பதிந்திருக்கும் இடம் ஆகியவை இறுகப் பூட்டியவை. முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டு, அடிவயிற்றுக்குக் கீழ் இடுப்பெலும்பு இரண்டும் முன்பக்கம் சேரும் இடம் ஆகியவை கொஞ்சம்போல அசையும். தாராளமாக அசைபவற்றைப் பள்ளிப் புத்தகம் ஆறாகப் பிரிக்கும். முழங்கை, விரல் கணுக்கள் கதவுக் கீல் மாதிரி, ஒரே போக்கு. கழுத்தின் முதல் இரண்டு எலும்பும், முன்னங்கை எலும்பு இரண்டும் முளை மூட்டு; ஒன்றைச் சுற்றி இன்னொன்று திரும்பும். தோளும் இடுப்பும் பந்து கிண்ணம். மணிக்கட்டும் விரலின் அடிக்கணுவும் நீள்வட்டம்; மேலும் கீழும், இடமும் வலமும் போகும், தன்னைத்தானே சுழற்றாது. கட்டைவிரலின் அடி சேண மூட்டு, இரண்டு குதிரைச் சேணத்தை எதிரெதிரே கவிழ்த்தது போல. மணிக்கட்டுக்குள் இருக்கும் பொடி எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குபவை. பரீட்சைக்கு இது போதும். வீட்டில் அளக்க, எந்தப் போக்கு இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று தெரிந்தால் சரி.

அளக்கும் கருவி: இரண்டு ஈர்க்குச்சியும் ஒரு பாகைமானியும்

பிசியோதெரபி அறையில் இதற்கென்று கோனியோமீட்டர் வைத்திருப்பார்கள். வீட்டில் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியும், துடைப்பத்திலிருந்து உருவிய இரண்டு கெட்டியான ஈர்க்குச்சியும் போதும். குச்சிகள் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துக் குண்டூசியால் குத்தி, ஊசியின் கூர்முனையை ஒரு துண்டு அழிப்பானில் செருகிவிடுங்கள். உடம்பில் வைத்துக் கோணம் எடுத்துவிட்டு, குச்சிகளை அப்படியே பாகைமானி மேல் வைத்துப் படிக்கலாம்.

முழங்கையில் ஆரம்பியுங்கள், அதுதான் சுலபம். ஆளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மேற்கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்று. உள்ளங்கை கூரையைப் பார்க்கட்டும். முழங்கையின் வெளிப்பக்கம் தடவினால் ஒரு எலும்பு முண்டு கையில் தட்டும், ஊசி அங்கே. ஒரு குச்சி தோளின் நுனியை நோக்கி, அது நகரக் கூடாது. இன்னொன்று கட்டைவிரல் பக்க மணிக்கட்டு முண்டை நோக்கி. கை நேராக இருக்கும்போது இரண்டு குச்சியும் ஒரே கோடு. அதை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகைமானி 180 காட்டும், அதிலிருந்து கழிக்க வேண்டும். நிறைய பேர் தப்பு பண்ணுவது இந்தக் கழித்தலில்தான். இப்போது அவரையே மடக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக 145 முதல் 150 வரும். பிறகு நீங்கள் மெதுவாகப் பிடித்து மடக்கிப் பாருங்கள். இன்னும் சில டிகிரி கூடும். தானாக மடக்கியது, பிடித்து மடக்கியது, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். அந்த வித்தியாசத்துக்குத் தோள் பகுதியில் பெரிய வேலை இருக்கிறது.

அடுத்த கையையும் அளக்காமல் எழுந்திருக்காதீர்கள். புத்தகத்தில் உள்ள எண் சராசரி. அவருடைய மறுகைதான் அவருக்கான சரியான அளவு. பெண்கள் பலருக்கு முழங்கை நேர்கோட்டைத் தாண்டி 5, 10 டிகிரி பின்னால் போகும், அது நோயில்லை. இதே ஆள் இதே குச்சியால் அளந்தாலும் 5 டிகிரி முன்னே பின்னே வரும். 10 டிகிரிக்கு மேல் இரண்டு கைக்கும் வித்தியாசம் இருந்தால் கணக்கில் எடுங்கள்.

எத்தனை டிகிரி இருந்தால் பிழைப்பு ஓடும்? முழங்கைக்கு 30 முதல் 130 வரை, அதாவது நடுவில் உள்ள 100 டிகிரி இருந்தாலே சாப்பிட, தலை வார, சட்டைப் பொத்தான் போட முடியும். கடைசி 30 டிகிரி நீளவில்லை என்று அவசரப்பட்டு அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை.

மற்ற மூட்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு: தோள் முன்வழியாகவும் பக்கவாட்டிலும் 180, பின்னால் 60. முன்னங்கையை மல்லாக்க 80, குப்புற 80. மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் 80, புறங்கைப் பக்கம் 70. இடுப்பு மடக்க 120, பின்னால் 20 முதல் 30, பக்கவாட்டில் 45. முட்டி 135. கணுக்கால் மேல்நோக்கி 20, கீழ்நோக்கி 50. முட்டிக்குச் சொல்லும் 135 நமக்குக் குறைவுதான். குதிகால் தரையில் பட குந்தி உட்காருபவருக்கு 150க்கு மேலும் போகும். பலகையில் அமர்ந்து மீன் அரியும் அம்மாவுக்கு 135தான் வருகிறதென்றால், புத்தகப்படி சரி, அவர் தொழில்படி குறைவு.

எது நிறுத்துகிறது என்று கையில் உணர்வது

பிடித்து மடக்கும்போது கடைசி இடத்தில் கைக்கு என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். முழங்கையை முழுக்க நீட்டினால் கட்டைமேல் கட்டை இடித்தது போல 'டக்' என்று நிற்கும், எலும்பில் எலும்பு. அங்கே அதுதான் முறை. முட்டியை முழுக்க மடக்கினால் தொடையும் ஆடுதசையும் அழுந்தி மெத்தென்று நிற்கும். கணுக்காலை மேலே வளைத்தால் தோல் வாரை இழுத்த மாதிரி, கொஞ்சம் இளகிக்கொடுத்து இறுகும். அது தசையும் பையும்.

இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய உணர்வு இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். முட்டி மடங்கும்போது மெத்தென்று நிற்காமல் பாதியில் ரப்பர் பந்து போலத் துள்ளித் திரும்பினால், உள்ளே மெத்தை போல இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்புத் தகடு, அதாவது பிறைவட்டு, கிழிந்து இடையில் மாட்டியிருக்கலாம். எதுவும் தடுக்காமலே ஆள் "ஐயோ வுடு வுடு" என்று கையைத் தள்ளிவிட்டால் மேலே தள்ளிப் பார்க்க வேண்டாம். முறிவோ, சீழோ, வேறெதுவோ இருக்கக்கூடும்.

தசையா பையா என்று பிரிக்க ஒரு நல்ல உபாயம் உண்டு. சில தசைகள் இரண்டு மூட்டைத் தாண்டிப் போகின்றன. ஒரு மூட்டைத் தளர்த்திவிட்டு இன்னொன்றை அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். ஆடுதசையின் மேல் அடுக்கு முட்டிக்கு மேலே தொடங்கிக் குதிகாலில் முடிகிறது. முட்டியை நீட்டி வைத்துக் கணுக்காலை மேலே வளைத்து அளவெடுங்கள். பிறகு முட்டியை மடக்கி வைத்து அதையே அளங்கள். மடக்கியதும் அளவு கூடினால் அந்தத் தசைதான் இறுக்கம், நீட்சிப் பயிற்சி கேட்கும். இரண்டிலும் ஒரே அளவில் நின்றால் கோளாறு கீழடுக்குத் தசையிலோ மூட்டிலோதான்.

இதையே கையில் பார்க்கலாம். மணிக்கட்டை முழுக்க உள்பக்கம் மடக்கிக்கொண்டு முஷ்டி பிடிக்கப் பாருங்கள். விரல் முழுதாக மூடாது. மூடினாலும் பிடியில் வலு இருக்காது. விரலை நீட்டும் நார்கள் மணிக்கட்டின் மேல் இழுபட்டு நிற்கின்றன, மடக்கும் நார்களுக்கோ இழுக்க நீளம் மிச்சமில்லை. மணிக்கட்டை 20, 30 டிகிரி பின்னால் வளையுங்கள், பிடி இறுகும். பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போதும் துறைமுகத்தில் மூட்டையைக் கொக்கியால் இழுக்கும்போதும் கை தானாக அந்த நிலைக்குப் போவது இதனால்தான்.

தோள்

மூட்டுகளில் அதிகம் சுற்றுவது இது, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கிண்ணம் ஆழமில்லாதது, பெரிய பந்து சின்னத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. கை 180 டிகிரி மேலே போவதில் தோள் மூட்டின் பங்கு சுமார் 120தான். மீதி 60 தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் சறுக்கித் திரும்புவதால் வருகிறது. ஆகவே தோளை அளக்கும்போது ஒரு கையால் தோள்பட்டை எலும்பின் கீழ்நுனியைத் தொட்டுக்கொள்ளுங்கள். கை ஏற ஆரம்பித்ததுமே அது குதித்து ஓடினால், மூட்டு இறுகியிருக்கிறது, பட்டை அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

ஒரு சோதனை, இப்போதே செய்யலாம். கையைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி திருப்பிக்கொண்டு மேலே தூக்குங்கள். தோள் மட்டத்தைக் கொஞ்சம் தாண்டியதும் இடித்து நிற்கும். அங்கேயே கையைத் திருப்பிக் கட்டைவிரலைக் கூரைக்குக் காட்டுங்கள். சரசரவென்று காதுவரை ஏறும். மேற்கை எலும்பின் தலையில் உள்ள முண்டு, தோள் கூரை எலும்பில் இடிக்காமல் பின்னால் ஒதுங்குகிறது. பரணில் இருந்து பாத்திரம் எடுப்பவர், பந்து வீசுபவர், சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர் எல்லோருக்கும் இந்தத் திருப்பம் தேவை. கையை வெளிப்பக்கம் திருப்பும் இந்த வெளிச்சுழற்சி போய்விட்டால் மேலே தூக்குவதும் போய்விடும்.

அதை அளக்க: நின்றபடி முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்குங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த கர்ச்சீப் ஒன்று, கீழே விழக் கூடாது. இனி முன்னங்கையை வெளிப்பக்கம் திறக்கவும். நல்ல தோளுக்கு 45க்கும் 70க்கும் நடுவில் வரும். ஒரு பக்கம் 60, மறுபக்கம் 15 என்றால், நீங்கள் பிடித்துத் திறந்து பாருங்கள். பிடித்தாலும் 15லேயே இறுகி நின்றால் தோளின் பை இறுகிப்போகும் 'உறைந்த தோள்' (ஃப்ரோஸன் ஷோல்டர்) ஆக இருக்க நிறைய வாய்ப்பு. 40 வயதுக்கு மேல், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, அடிபடாமலேயே வரும். முதலில் வெளிச்சுழற்சி, பிறகு பக்கவாட்டு, அப்புறம் முதுகுப்பக்கம் கை கொண்டுபோவது என்ற வரிசையில் குறையும். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாதபோதுதான் பலர் முதன்முதலில் கவனிக்கிறார்கள், அதற்குள் மற்றவை குறைந்து மாதங்கள் ஆகியிருக்கும். தானாகத் திறக்க முடியவில்லை, ஆனால் நீங்கள் பிடித்தால் தாராளமாகத் திறக்கிறது என்றால் கதை வேறு: பை சரியாக இருக்கிறது, இழுக்கும் தசைநாரோ நரம்போ பழுது. முன்னே எழுதச் சொன்ன இரண்டு அளவுகளுக்கும் இங்கேதான் பலன்.

உறைந்த தோள் குணமாக ஒன்று முதல் மூன்று வருடம்வரை பிடிக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும் முதல் மாதங்களில் "வலிச்சாலும் பரவால்ல, தூக்கு" என்று யாராவது முறுக்கினால் பை இன்னும் புண்ணாகும். அந்தக் கட்டத்தில் மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போடுங்கள். தோசைக்கல் அளவு வட்டம், 20 சுற்று, நாளைக்கு மூன்று வேளை. வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும்போது துடைப்பக் கட்டையை இரு கையிலும் பிடித்து, நல்ல கையால் மறுகையை வெளியே தள்ளும் பயிற்சி. நீட்டிய இடத்தில் 20, 30 விநாடி நிறுத்தவும்.

கையும் முஷ்டியும்

ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் பாக்ஸிங் கற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் முதல் நாளே "முன் ரெண்டு முட்டியில குத்து" என்பார். காரணத்தை அவரவர் கையிலேயே பார்க்கலாம். கையைத் தளர்வாக வைத்து, ஆள்காட்டி விரலின் முட்டியை மறுகையின் இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அசையாது. நடுவிரலும் அப்படியே. மோதிர விரல் கொஞ்சம் ஆடும். சுண்டுவிரலின் முட்டி இருபது டிகிரிக்குக் குறையாமல் ஆடும். உள்ளங்கைக்குள் இருக்கும் நீள எலும்புகளின் அடிமூட்டுகள் அப்படி அமைந்திருக்கின்றன: முன் இரண்டும் மணிக்கட்டோடு பூட்டியவை, பின் இரண்டும் பாத்திரத்தைப் பற்றும்போது குழிவதற்காக விட்டவை. ஆடாத இரண்டில் குத்தினால் விசை நேராக முன்னங்கைக்கு ஏறும். கோபத்தில் சுவரையோ கதவையோ வீசிக் குத்துபவருக்குச் சுண்டுவிரல் முட்டி முதலில் படும், அதன் கழுத்தில் எலும்பு ஒடியும். அந்த முறிவுக்கே பாக்ஸர் முறிவு என்று பெயர், பாக்ஸரைவிடக் கோபக்காரருக்குத்தான் அதிகம் வரும் என்றாலும். முஷ்டி மூடியபிறகு சுண்டுவிரல் முட்டி உள்ளே அமுங்கிக் காணாமல் போயிருந்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எல்லா விரலையும் பாதி மடக்கி நகங்களைப் பாருங்கள். ஒரு விரல் பக்கத்து விரல்மேல் ஏறிப்படுத்தால் எலும்பு திரும்பி ஒட்டப் போகிறது, டாக்டரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கேரம் பலகையிலும் மூட்டுதான் பேசுகிறது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது மடங்கிய விரல் நீள்கிறது. மணிக்கட்டு பலகையில் ஊன்றி அசையாமல் இருந்தால்தான் குறி நிற்கும். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண். அடுத்த முறை அவர் ஆடும் காணொளி பார்த்தால் காயைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பாருங்கள்.

அடிபட்ட விரல்களுக்கு வீட்டில் கட்டுப்போடுபவர்கள் செய்யும் ஒரு தப்பு பெரியது: எல்லா விரலையும் தட்டையாக ஸ்கேல்மேல் வைத்துக் கட்டுவது, அல்லது துணிப்பந்தைப் பிடிக்க வைத்துச் சுருட்டிக் கட்டுவது. அடிக்கணுவின் பக்க ஜவ்வுகள் விரல் நேராக இருக்கும்போது தொளதொளவென்றும், 90க்கு மடங்கும்போது இறுக்கமாகவும் இருக்கும். தொளதொளத்த நிலையில் மூன்று வாரம் கட்டினால் அவை அப்படியே சுருங்கிவிடும், பிறகு விரல் மடங்காது. நடுக்கணுவுக்கு நேர்மாறு, மடக்கிக் கட்டினால் நீளாது. எனவே மணிக்கட்டு 20, 30 டிகிரி பின்னால், அடிக்கணு 70 முதல் 90 வரை மடக்கி, விரல்கள் நேராக, கட்டைவிரல் விலகி. சாப்பிடக் கவளம் எடுக்கப்போகும் கை போல இருக்கும். டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு பக்கத்திலேயே இருக்கும்போது, விரல் நார் அறுந்த கையை வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் ஒரு கும்பிடு போட்டுப் பாருங்கள். முழங்கைகளை உயர்த்தி, உள்ளங்கை உள்ளங்கையோடும் விரல் விரலோடும் ஒட்ட வேண்டும். விரல்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரியும்படி இடைவெளி நின்றால், தோலும் நாரும் தடித்து விரல் மூட்டுகளை இறுக்கத் தொடங்கியிருக்கலாம். வலிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை.

முட்டி, கணுக்கால், இடுப்பு

முட்டியைக் கீல் என்று சொல்லிக்கொடுப்பது பாதி உண்மை. உட்கார்ந்து 90க்கு மடக்கி, பாதத்தைத் தரையில் வைத்து இடமும் வலமும் திருப்புங்கள். முட்டிக்குக் கீழே எலும்பே திரும்புவது கையில் தெரியும். காலை முழுக்க நீட்டிவிட்டுத் திருப்பப் பாருங்கள்; இப்போது திரும்புவது இடுப்பு, முட்டி இல்லை. நீட்டும் கடைசி 20, 30 டிகிரியில் கீழெலும்பு வெளிப்பக்கம் சற்றே சுழன்று திருகாணி போலப் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் ரேஷன் கடை வரிசையில் தொடைத்தசைக்குப் பெரிய வேலை வைக்காமல் நிற்க முடிகிறது.

வியாசர்பாடி மைதானங்களில் ஃபுட்பால் ஆடுபவர்களின் முட்டி பெரும்பாலும் யாரும் இடிக்காமலே போகும். ஓடி வந்து பாதத்தை ஊன்றி, முட்டி உள்பக்கம் சாய உடம்பைத் திருப்பும்போது முன் குறுக்கு ஜவ்வு அறுகிறது. 'டப்' என்ற சத்தம், பிறகு வீக்கம். எப்போது வீங்கியது என்று கேட்டுவையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் உள்ளே ரத்தம், பெரும்பாலும் ஜவ்வு போயிருக்கும். மறுநாள் காலைதான் வீங்கியது என்றால் பெரும்பாலும் பிறைவட்டு. டாக்டரிடம் இந்த ஒரு தகவலைச் சொன்னால் பாதி வேலை முடியும்.

கணுக்காலின் பலவீனம் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. நடு எலும்பு முன்னால் அகலம், பின்னால் குறுகல். பாதத்தை மேலே வளைத்தால் அகலப்பகுதி, இரண்டு கால் எலும்பும் சேர்ந்து பிடிக்கும் கவ்விக்குள் இறுகிவிடும். நுனிக்காலில் நின்றால் குறுகல் பகுதி வந்து ஆடும். படி இறங்கும்போதும், ஹை ஹீல்ஸிலும், பந்துக்கு எகிறிக் குதித்து இறங்கும்போதும்தான் பிசகும், பாதம் உள்பக்கம் மடங்கி வெளிப்பக்க ஜவ்வு கிழியும். பிசகிய பிறகு நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முண்டின் பின்விளிம்பில் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே. இரண்டும் இல்லை என்றால் துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம், கிரேப் கட்டு, தலையணைமேல் கால். ஆறியபின் சுவர்முன் நின்று, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். அப்படித் தொட முடிகிற அதிகபட்ச தூரத்தில், கால் கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் எத்தனை சென்டிமீட்டர்? 10 நல்ல அளவு. அடிபடாத காலைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் ஆட்டத்துக்குத் திரும்ப அவசரம் வேண்டாம்.

இடுப்பு பற்றி இரண்டே விஷயம். சம்மணம் போட இடுப்பு ஒரே நேரத்தில் மடங்கி, விலகி, வெளியே சுழல வேண்டும். அது போகாதவர் முட்டியை அமுக்கி அமுக்கிச் சம்மணம் பழகினால் வலி முட்டியில் வரும். இடுப்பு வலிக்காகக் கைத்தடி பிடிப்பவர் அதை வலிக்காத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். வலிக்கும் பக்கம் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாயும், இடுப்பின்மேல் பாரம் குறையாது.

செய்யக் கூடாதவை

முழங்கையில் முறிவோ இடம்பெயர்தலோ ஆகிக் கட்டுப் பிரித்ததும் எண்ணெய் போட்டு உருவி, இழுத்து நீட்டுவது நம் பக்கம் வெகு சாதாரணம். வேறு எந்த மூட்டுக்குச் செய்தாலும் முழங்கைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். முழங்கையின் முன்னால் உள்ள தசை எலும்போடு ஒட்டியே கிடக்கிறது. பலவந்தமாக உருவினால் உள்ளே ரத்தம் கசிந்து, தசைக்குள்ளேயே எலும்பு வளரும். அது வளர்ந்துவிட்டால் கை பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். முழங்கைக்கு அவரே தானாக மடக்கி நீட்டுவதுதான் மருந்து, மணிக்கு ஒரு முறை 10 தடவை.

நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஒரு கையைப் பிடித்து ரயில் படியில் தூக்குவதும், இரண்டு பேர் ஆளுக்கொரு கை பிடித்து ஊஞ்சல் ஆட்டுவதும் வேண்டாம். முன்னங்கை எலும்பின் தலையைச் சுற்றியுள்ள வளைய ஜவ்வு நழுவி உள்ளே மாட்டிக்கொள்ளும். குழந்தை அழுதுவிட்டுக் கையைத் தொங்கவிட்டபடி அசைக்காமல் இருக்கும், வீக்கம் இருக்காது. தெரிந்த டாக்டர் அரை நிமிடத்தில் சரிசெய்வார். தூக்கும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

தோள் கழன்றால் யாரும் இழுக்க வேண்டாம். பக்கத்திலேயே ஓடும் நரம்பு நசுங்கும், கூடவே எலும்பு ஒடிந்திருந்தால் இழுப்பில் அது பிரியும். இருக்கும் நிலையிலேயே துப்பட்டாவால் தூக்குத்தொட்டில் கட்டி அழைத்துப் போங்கள்.

விரலில் சொடக்கு எடுப்பதைப் பற்றி வீட்டில் திட்டு விழுவது நியாயமில்லை. அது திரவத்துக்குள் காற்றுக்குமிழி உருவாகும் சத்தம்; மறுபடி எடுக்க 20 நிமிடம் போல ஆகும். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே கையில் மட்டும் சொடக்கு எடுத்து, இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை என்று எழுதி, 2009ல் இக் நோபல் என்ற, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான வேடிக்கை விருதை வாங்கினார். வலியோடு வரும் சத்தமும், சத்தத்துக்குப்பின் மாட்டிக்கொள்ளும் மூட்டும்தான் கவனிக்க வேண்டியவை.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் ஈர்க்குச்சியை எடுக்க வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். உள்ளே சீழ் பிடித்திருந்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே கரைந்துவிடும். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியால் திரவம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.